வலி மாத்திரைக்குப் பெயர் தேடி அலைந்தது

அம்மா வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். மூட்டு வலி பல வருடமாக உண்டு. கம்பத்துக்கு இறங்கும்போதெல்லாம் அங்கே ஒரு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வருவார். சீட்டும் கிடையாது, பில்லும் கிடையாது. கால் வீங்கிப் பசியும் போன பிறகு ரத்தம் கொடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.9. பெண்களுக்கு 1.1 வரைதான் இருக்கலாம் என்று ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருந்தது.

டோக்கன், ஸ்கேன் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. சிறுநீரக டாக்டர், “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டபோதுதான் திணறினோம். அம்மா காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். அட்டையைக் கத்தரித்துக் கத்தரித்துக் கொடுத்திருந்ததால் ஒரு துண்டில் விலை மட்டும், இன்னொன்றில் பாதி எழுத்து. பெயர் எதிலும் முழுசாக இல்லை. “இதில் ஸ்டீராய்டு இருந்தால் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. பெயரோடு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

குமுளி மலை இறங்கிக் கம்பம் போனேன். கடைக்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை. “இது எங்க கடை மாத்திரைதான்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரையை வருடக்கணக்கில் விற்றவர் அவர். அன்றைய நாள் வீண்.

கைகொடுத்தது பக்கத்து லயத்துச் சேச்சி. அவரும் அதே கடையில் அதே செட்டைத்தான் வாங்குகிறார், ஆனால் முழு அட்டையாக. துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறமும் பாதி எழுத்தும் அப்படியே பொருந்தின. ஒன்று அசெக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்தது, இன்னொன்று கேஸ் மாத்திரை. ஸ்டீராய்டு இல்லை. அந்த இடத்திலேயே பாதி உயிர் வந்தது.

கேஸ் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டதால் ஒன்றும் ஆகாது என்று அம்மா நம்பியிருந்தார். அது வயிற்றைத்தான் ஓரளவு காக்கும், சிறுநீரகத்தை அல்ல என்றார் டாக்டர். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைக்கும். அம்மாவைப் போல பிரஷர் மாத்திரையும், சிறுநீர் அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு அடி இன்னும் பலமாக விழும். இதுபோக, காய்ச்சல் வந்தால் அம்மா 650 பாராசிட்டமால் தனியாகவும் போடுவார். வலி மாத்திரைக்குள்ளேயே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருப்பது யாருக்குத் தெரியும்? பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச அளவு. மீறினால் ஈரல் கெடலாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சாப்பிட்டால், அட்டையை வெட்டுவதற்கு முன் பெயர் இருக்கும் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்காதீர்கள். வயிற்றில் ரத்தம் கசிவதாக இருக்கலாம்.

மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கிரியாட்டினின் 1.3. மூட்டுக்கு இப்போது பிசியோதெரபியும் தடவுகிற மருந்தும்தான். சேச்சி மட்டும் இன்னும் அதே செட்டைத்தான் போடுகிறார். ரத்தம் கொடுக்க வரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அடுத்த சம்பளம் வரட்டும் என்கிறார்.