எனக்கு ஒரே யோசனை

டொக்டரின் மேசையில் ஒரு போன். அதன் ஸ்பீக்கரில் ஒரு தமிழ்க் குரல். இங்கிலாந்தில் நாங்கள் கேட்டால் டொக்டரிடம் கதைப்பதற்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்து தருவார்கள். எனக்கு வந்து வாய்த்தது சென்னைப் பக்கத்துக் குரல். "சொல்லுங்க மேடம், உடம்புக்கு என்ன பண்ணுது?"

"நித்திரை இல்லை. ஒரே யோசனை."

அவர் ஆங்கிலத்தில் சொன்னது என் அரைகுறை ஆங்கிலத்துக்கே விளங்கியது. இவருக்குத் தூக்கம் வருவதில்லை, நிறைய ஐடியாக்கள் வருகின்றன. டொக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. என்ன மாதிரியான ஐடியாக்கள், ஏதும் தொழில் தொடங்குகிற எண்ணமா என்று கேட்டார்.

அழப் போனவள் சிரித்துவிட்டேன். சிரிக்கத் தொடங்கியதும் அழுகை வந்தது. இரண்டும் ஒன்றாக வருவதைப் பார்த்த பிறகுதான் டொக்டர் லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

மொழிபெயர்த்த அந்தத் தங்கச்சியில் பிழை சொல்ல மாட்டேன். அவர்களுடைய ஊரில் யோசனை சொன்னால் நன்றி சொல்வார்கள். எங்களுடைய ஊரில் ஒருத்திக்கு யோசனை என்றால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருப்பார்கள். "அவளுக்கு யோசனை கூடிப்போச்சு" என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால், என்ன யோசனை என்று ஒருவரும் கேட்பதில்லை. மகன் திரும்பி வராத வீடு, விற்றுப்போன காணி, கடலுக்கு அங்காலே இருக்கிற புருஷன், எல்லாம் அந்த மூன்று எழுத்துக்குள் அடங்கும். அதைத் தாண்டினால் எங்களிடம் இருக்கிற அடுத்த சொல் விசர், அதாவது பைத்தியம். யோசனைக்கும் விசருக்கும் நடுவில் ஒரு சொல் இருந்திருந்தால் நான் இரண்டு வருடம் முந்தியே டொக்டரிடம் போயிருப்பேன்.

தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு கிழமைகளில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது? இல்லவே இல்லை என்றால் பூச்சியம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் என்றால் மூன்று. மொத்தம் 27 புள்ளி. எதிலும் விருப்பமில்லாமை, மனம் சோர்ந்து கிடத்தல், நித்திரை, களைப்பு, சாப்பாடு என்று போய் ஆறாவது கேள்வியில் நான் நின்றுவிட்டேன். உன்னையோ உன் குடும்பத்தையோ கைவிட்டுவிட்டாய் என்று நினைக்கிறாயா? இதை எங்களுடைய ஆட்களிடம் கேட்பது சரியா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். மாதம் முடிய ஊருக்குக் காசு அனுப்பும் ஒருவராவது இதற்குப் பூச்சியம் போடுவாரா? அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு நான் போகவில்லை. தங்கச்சியின் கலியாணத்தை வைபரில் பார்த்தேன், அதுவும் தாலி கட்டும் நேரம் படம் உறைந்துபோய்விட்டது. மூன்று போட்டேன். நாலு இருந்திருந்தால் அதைப் போட்டிருப்பேன்.

கூட்டினால் 16. பத்தோ அதற்கு மேலோ வந்தாலே கவனிக்க வேண்டும் என்றார் டொக்டர். தாள் மட்டும் முடிவு சொல்லாது, கதைத்துப் பார்த்துத்தான் சொல்லலாம் என்று அரை மணித்தியாலம் கேட்டுவிட்டு, மனச்சோர்வு என்றார். சும்மா சோகமாக இருப்பதற்குப் பெயர் மனச்சோர்வு இல்லை, நாள் முழுக்க மனம் சோர்ந்தோ முன்பு ஆசையாகச் செய்தது ஒன்றிலும் ஆசை வராமலோ இரண்டு கிழமைக்கு மேல் கிடப்பது என்று விளங்கப்படுத்தினார். அந்த நாள் வரை எனக்கு அழுகை வந்ததில்லை. ஆனால் முற்றத்தில் கோலம் போடுகிற கை, இங்கே ஒரு கோப்பையைக் கழுவ அரை நாள் எடுத்தது. கை கால் உளைவு, நெஞ்சுக்குள்ளே ஒரு பாரம். இதற்கெல்லாம் இரண்டு வருடமாகப் பனடோல் போட்டிருக்கிறேன்.

குளிசை எழுதித் தந்தார். வேலை செய்யத் தொடங்கச் சில கிழமை எடுக்கும், இடையில் நீங்களாக நிறுத்த வேண்டாம் என்றார். கதைத்துச் செய்கிற சிகிச்சைக்கு டொக்டரின் கடிதம்கூடத் தேவையில்லை. இங்கிலாந்தில் நாங்களே நேரடியாகப் பதியலாம்.

வீட்டுக்கு வந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு பெரியவருக்கு மட்டும், அதுவும் சாடையாக, நித்திரை இல்லை என்றேன். அவர் என் நட்சத்திரத்தைக் கேட்டார். விரலை மடித்துப் பார்த்தார். ஏழரைச் சனி பிள்ளை, எள்ளெண்ணெய் எரி, அந்தக் குளிசையளை எறி என்றார். குளிசை என்று நான் சொல்லவே இல்லையே! லண்டனில் எத்தனை பேர் அவரிடம் வந்து சாடையாக நித்திரை இல்லை என்று சொல்லியிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

எள்ளெண்ணெய் எரித்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. விளக்கின் முன்னால் இருக்கும் பத்து நிமிஷம் மனம் கொஞ்சம் அடங்கும், அது உண்மை. எறி என்றதுதான் கோபம். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டில் ஏர்வாடியில், குணமாகும் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளர்கள் சங்கிலியோடு கிடந்தபடி தீயில் அகப்பட்டு 28 பேர் செத்தார்கள். நம்பிக்கையின் பேரில்தான் கொண்டுவந்து விட்டார்கள். அதை நினைத்தால் எந்தப் பெரியவர் சொன்னாலும் குளிசை மட்டையை எறிய எனக்குக் கை வராது.

அதே கோயிலில்தான் மடைப்பள்ளியும் இருந்தது. திருவிழாக் காலத்தில் மரக்கறி வெட்ட ஆள் காணாது என்று ஒரு நாள் பிடித்து இருத்தினார்கள். எனக்கு எதிரே ஓர் அன்ரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மணித்தியாலம் ஒரு சொல் இல்லை. ஊரில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் மடத்தில் அன்னதானத்துக்கு அம்மம்மாவோடு இருந்து வெட்டிய ஞாபகம் வந்தது. அங்கேயும் இப்படித்தான், யாருக்கு என்ன துக்கம் என்று கேட்காமல் பூசணிக்காயைத் தள்ளிவிடுவார்கள். தொண்டைமானாற்றுக் காற்றில் உப்பும் விறகுப் புகையும் கலந்து வரும். நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்து, "அம்மம்மா, கத்தியைத் தாங்கோ" என்று கேட்டுவிட்டேன்.

அன்ரி கத்தியைத் தந்தார். "யோசனையோ?" என்றார்.

"ஓம்."

"எனக்கும்தான். எட்டு வருசமாக் குளிசை எடுக்கிறன்." கைப்பையைத் திறந்து காட்டினார். விபூதிச் சரையும் குளிசை மட்டையும் ஒரே அறைக்குள் கிடந்தன. இவ்வளவுதான் நடந்தது. பிறகு பயற்றங்காய் வெட்டினோம்.

அந்த மடைப்பள்ளிதான் என்னை இந்த நாட்டில் இருத்தியது என்று தைரியமாகச் சொல்வேன். சிகிச்சைக்குப் பதிந்ததும் அங்கே இருந்துதான். அன்ரிதான் சொல்லித் தந்தார்: மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழ் கதைக்கிற ஆளாக வேண்டும் என்று முன்கூட்டியே கேள். ஓர் இரவு தாங்க முடியாமல் போனால் அரசாங்க மருத்துவச் சேவையின் 111ஐ அடித்து 2ஐ அமத்து, இல்லாவிட்டால் 116 123. அந்த இரண்டாவது இலக்கம், மனம் உடைந்தவர்கள் சொல்வதைக் கேட்கிற சமாரிட்டன்ஸ் அமைப்பினுடையது. 1953இல் லண்டனில் ஒரு பாதிரியார் தன் தேவாலயத்தில் தொடங்கியது, இப்போது எந்தச் சமயத்தவருக்கும் பொது. எங்கள் அன்ரி அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "மடுமாதாவிட்ட நாங்கள் போகேல்லையே?" மடு, மன்னாரில் இருக்கிற கத்தோலிக்கக் கோயில். யூலையில் இங்கிலாந்தில் இருக்கிற வால்சிங்கம் மாதாவிடம் போகிற பஸ்ஸில் அவருக்கு எப்போதும் யன்னல் ஓர இருக்கை. திருநீற்றோடுதான் போவார்.

சிகிச்சையில் எனக்குத் தந்த முதல் வீட்டுவேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாள் முழுக்க யோசிக்க வேண்டாம், யோசனைக்கென்று ஒரு நேரம் வையுங்கள் என்றார்கள். மற்ற நேரம் வருகிறதை ஒரு கொப்பியில் எழுதிவிட்டு, 'பின்னேரம் வா' என்று அனுப்பிவிட வேண்டுமாம். நான் மூன்று மணி தொடங்கி மூன்றரை வரை என்று வைத்தேன். அம்மாவிடம் வைபரில் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "செவ்வாய்க்கிழமையில அது ராகுகாலமெல்லோ?" செவ்வாய்க்கு மட்டும் ஐந்து மணிக்கு மாற்றினேன். வேலை செய்தது. மூன்று மணிக்குக் கொப்பியைத் திறந்தால் பாதி யோசனைகள் வந்த காரணமே மறந்துபோயிருக்கும். மீதிப் பாதி மறக்காது. அதில் ஒன்று எப்போதும் சத்தத்தோடு வரும்.

அதைப் பற்றி மட்டும் கனகாலம் டொக்டரிடம் சொல்லாமல் இருந்தேன். நவம்பர் 5 இங்கே வாணம் விடுகிற நாள். வந்த முதல் வருடம் அன்றிரவு நான் கட்டிலுக்குக் கீழே இருந்தேன். சொன்ன பிறகுதான் அது மனச்சோர்வோடு சேர்ந்து கிடக்கிற வேறொன்று, மனவடு, அதற்கு வேறு விதமான சிகிச்சை இருக்கிறது என்று தெரிந்தது. இப்போது அதற்கும் போகிறேன். இங்கே பழகிவிட்டேன், பஸ் இலக்கமெல்லாம் பாடம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிகிறேன்.

2024இல் அந்த நாள் கந்தசட்டிக்குள் வந்தது. மண்டபத்தில் கந்தபுராணப் படிப்பு. விரதமில்லாத சனத்துக்கு மடைப்பள்ளியில் நாங்கள் ஆறு பேர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். ஏழு மணியளவில் முதல் வெடி. ஆறு கத்தியும் ஒரே நேரத்தில் நின்றன. உள்ளே பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொல்லிக்கொண்டிருந்த ஐயாவின் குரலும் நின்றது. பிள்ளைகள் மட்டும் யன்னலுக்கு ஓடினார்கள்.

நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்.

"வாணம்தான்," என்றார் அன்ரி, எங்களுக்கா தனக்கா தெரியவில்லை. "வாணம்தான். வெட்டுங்கோ."