எதிராளி பாதியில் செத்துவிட்டால்

கொலம்போ என்ற போலீஸ் துப்பறிபவரை நாயகனாகக் கொண்ட அமெரிக்க டிவி தொடர் ‘கொலம்போ’. அதில் மொத்தம் 69 எபிசோடுகள். 1968இல் தொடங்கி 2003 வரை விட்டுவிட்டு வந்தவை. இதில் மோசமானவை எவை என்று கேட்டால், ரசிகர்கள் அதிகம் யோசிக்காமல் சொல்லும் பெயர்கள் சில உண்டு. 1976 மே மாதம் ஐந்தாம் சீசனின் கடைசியாக வந்த ‘லாஸ்ட் சல்யூட் டு தி கமோடோர்’, 1990இன் ‘மர்டர் இன் மாலிபு’, 1992இன் ‘நோ டைம் டு டை’, 1994இன் ‘அண்டர்கவர்’. இவை மோசம் என்பதில் பெரிய சண்டை கிடையாது. அடிமட்டத்தில் நிற்பது எது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புரியும். ஒருவர் ‘மோசம்’ என்று சொல்வதும் இன்னொருவர் ‘மோசம்’ என்று சொல்வதும் ஒரே குறையை அல்ல.

க்ரைம் தொடர் எழுதுகிறவர்கள் பழைய தொடர்களின் சொதப்பல்களைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் டிஸ்கஷனில் வழக்கம். தாளில் நான்கு கட்டம் போடுவோம். கொலைகாரன் யார் என்பது பார்ப்பவருக்கு எத்தனையாவது நிமிடத்தில் தெரிகிறது? துப்பறிபவர் எப்போது உள்ளே வருகிறார்? இருவரும் எத்தனை முறை நேருக்கு நேர் நிற்கிறார்கள்? கடைசி ஆதாரம் யார் கையால் வெளியே வருகிறது? கொலம்போவில் முதல் கட்டம் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரிதான் நிரம்பும், கொலையை நாம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறோம். வேலை இருப்பது மூன்றாவதிலும் நான்காவதிலும்.

நான்காவது கட்டத்துக்கு நல்ல பாடம் 1972இல் வந்த ‘டாகர் ஆஃப் தி மைண்ட்’. லண்டனில் நடக்கும் கதை. ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் ஒரு தம்பதி தங்கள் தயாரிப்பாளரைக் கொன்றுவிடுகிறார்கள். கொலை நேரத்தில் அறுந்து சிதறிய முத்துமாலையில் ஒரு முத்து, செத்தவரின் குடைக்குள் விழுந்திருக்கலாம் என்று கொலம்போ பேச்சை வளர்க்கிறார். மெழுகுச் சிலைக் காட்சியகத்தில் குடையை விரித்தால் முத்து கீழே விழுகிறது. கணவன் புத்தி பேதலித்துப்போகிறான், கதை முடிகிறது. ஆனால் அந்த முத்தைச் சுண்டிப் போட்டதே கொலம்போதான். ரசிகர்களுக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

சரி, போலீஸ்காரர் தந்திரம் செய்வதுதான் குறையா? இல்லை. 1974இன் ‘எ ஃப்ரெண்ட் இன் டீட்’ எபிசோடிலும் தந்திரம்தான். கொலைகாரர் போலீஸ் துணைக் கமிஷனரே. சந்தேகத்துக்குரிய ஒரு திருடனின் முகவரி என்று கொலம்போ ஃபைலில் ஓர் இடத்தைக் குறித்து வைக்கிறார். துணைக் கமிஷனர் அங்கே போய் நகைகளை ஒளித்து வைத்துவிட்டு, பிறகு படையோடு வந்து சோதனை போடுகிறார். அது கொலம்போ தானே வாடகைக்கு எடுத்த வீடு. 1971இன் ‘டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்’டில் காணாமல் போகாத ஒரு காண்டாக்ட் லென்ஸைக் காணோம் என்று சொல்லி, கொலைகாரனையே கார் டிக்கியைத் தேட வைக்கிறார். ‘ஷார்ட் ஃப்யூஸ்’ சுமாரான எபிசோட் என்று திட்டுகிறவர்கள்கூட அதன் முடிவைப் பாராட்டுவார்கள். கேபிள் காரில் அந்தரத்தில் தொங்கும்போது கொலம்போ ஒரு சுருட்டுப் பெட்டியை நிதானமாகத் திறக்க, அதில் குண்டு இருப்பதாக நினைத்து, குண்டு வைத்தவனே அலறித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். மூன்றிலும் பொறி வைத்தவர் கொலம்போ, ஆனால் உள்ளே கை விட்டது கொலைகாரன். ‘டாகர்’ எபிசோடில் கை விட்டதும் கொலம்போவே. வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் இதில்தான் எபிசோடே நிற்கிறது.

நேரமும் ஒரு காரணம். தொடரை முதலில் ஒளிபரப்பிய என்பிசியில் 90 நிமிட ஸ்லாட் என்றால் விளம்பரம் போகக் கதைக்கு ஏறக்குறைய 75 நிமிடம். இரண்டு மணி நேர ஸ்லாட் என்றால் 95 நிமிடத்துக்குமேல். கதைச் சரக்கு ஒன்றேதான், மேற்கொண்டு இருபது நிமிடம் நிரப்ப வேண்டும். ‘டாகர்’ எபிசோடில் விமான நிலையத்தில் பெட்டி தேடுவதும் லண்டனைச் சுற்றிப் படம் எடுப்பதும் அப்படி வந்தவைதான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காட்சிகளின் வரிசையை எழுதி வைக்கும் சீன் ஆர்டரில் ஒரு காட்சியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். பின்னால் வரும் எந்த வசனமும் அந்தரத்தில் நிற்கவில்லை என்றால் அந்தக் காட்சி இழுவை. கொலம்போவாக பீட்டர் ஃபாக் நடித்தால் இழுவைகூட இனிக்கும் என்பது வேறு விஷயம், அவர் நமக்குக் கிடைக்கமாட்டார்.

‘நோ டைம் டு டை’யும் ‘அண்டர்கவர்’உம் வேறு ரகம். இரண்டும் எட் மெக்பெய்ன் எழுதிய போலீஸ் நாவல்களிலிருந்து எடுத்தவை. ஒன்றில் கொலம்போவின் உறவுக்காரப் பையனுக்குக் கல்யாணமான ராத்திரியே மணப்பெண்ணைக் கடத்திவிடுகிறார்கள். கண்டுபிடிக்க ஒரு கொலைகூட இல்லை. மற்றதில் துண்டு துண்டான ஒரு புகைப்படத்தைச் சேர்த்து, வங்கிக் கொள்ளைப் பணத்தைத் தேடுகிறார்கள், அதற்காக கொலம்போ வேஷம் போடுகிறார். வேறு பெயரில் வேறு நாயகரை வைத்து எடுத்திருந்தால் பொழுதுபோக்காகப் பார்த்திருப்போம். மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாததால்தான் கோபம் வருகிறது. கொலம்போவும் எதிராளியும் உட்கார்ந்து பேசாத கொலம்போவை யாரும் கேட்கவில்லை.

‘மர்டர் இன் மாலிபு’ என் கணக்கைக் குழப்புகிற எபிசோட். காதலியைக் கொன்றவன், செத்தவளுக்குத் தானே உடை மாட்டிவிடுகிறான். உள்ளாடையைத் திருப்பி மாட்டியிருப்பதை லேபிள் இருக்கும் பக்கத்தை வைத்து கொலம்போ பிடிக்கிறார். நான்காவது கட்டப்படி இது தேற வேண்டும். ஆதாரம் கொலைகாரனின் கையிலிருந்தே வந்தது, கொலம்போ எதையும் சுண்டிப் போடவில்லை. ஆனாலும் பார்க்கும்போது கூச்சமாக இருக்கிறது. எதிராளிக்கு எடை இல்லை என்று நான் விளக்கம் சொல்வதுண்டு. அந்த விளக்கத்துக்குத் தாளில் கட்டம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

‘லாஸ்ட் சல்யூட்’ விஷயத்துக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். இயக்கியவர் பேட்ரிக் மெக்கூஹன். ‘பை டான்ஸ் எர்லி லைட்’ எபிசோடில் ராணுவப் பள்ளித் தலைவராக நடித்து எம்மி விருது வாங்கியவர், கொலம்போவை நன்றாக அறிந்தவர். படகு கட்டும் பணக்காரக் கிழவர் கமோடோர் ஸ்வான்சன் கொல்லப்படுகிறார். கொலையை நாம் பார்ப்பதில்லை. மருமகன் சார்ல்ஸ் கிளே தடயங்களை அழித்து, கிழவரைப் போல உடுத்திக்கொண்டு, படகில் பிணத்தைக் கடலுக்குக் கொண்டுபோய்ப் போடுவதைத்தான் பார்க்கிறோம். நடிப்பது ராபர்ட் வான், ஏற்கெனவே இதே தொடரில் கொலைகாரராக வந்தவர். அதனால் இவன்தான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பாதியில் கிளேயும் கொலையாகிறான். அப்போதுதான் தெரிகிறது, மனைவி செய்துவிட்டாளோ என்று பயந்து மறைத்திருக்கிறான். பிறகு எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, ஒவ்வொருவர் காதிலும் ஒரு கைக்கடிகாரத்தை வைத்து, “கமோடோரின் கடிகாரம்” என்கிறார் கொலம்போ. மற்றவர்கள் வெறுமனே கேட்டுக்கொள்ள, உறவினன் ஸ்வானி மட்டும் “இல்லை” என்கிறான். கொலையின்போது அந்தக் கடிகாரம் உடைந்தது கொன்றவனுக்குத்தானே தெரியும்.

எங்கள் டீமில் இளையவன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், கொடுத்தான். புதுத் தொடரின் முதல் எபிசோட். கொலைகாரன் என்று நாம் நம்பும் ஆள் பாதியில் செத்துவிடுகிறான். நான் கேட்டேன், “கிளே செத்தப்புறம் கொலம்போ யாரோடப்பா மோதறார்?”

“யாரோடயும் இல்லக்கா. அதான் எனக்குப் பிடிச்சுது. அதுவரைக்கும் அவரைவிட நமக்கு அதிகம் தெரியும்னு உக்காந்திருந்தோம்ல, அந்த நிமிஷத்துல நமக்கும் ஒண்ணும் தெரியலன்னு ஆயிடுது. நான் அங்கதான் நிமிர்ந்து உக்காந்தேன்.”

“முதல் எபிசோட்ல வேணாம்ப்பா.”

“சரிக்கா.”

அவ்வளவுதான். நேர்கோட்டில் போகும் ஒரு ஒன்லைனை எழுதிக் கொடுத்தான், அது தேறியும் விட்டது. அந்த “சரிக்கா” மட்டும் என்னை விடவில்லை. அவன் வாதாடியிருந்தால் நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பேனா, அல்லது சொல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்திருக்குமா?

என் பக்க நியாயம் இருக்கிறது. ‘லாஸ்ட் சல்யூட்’, தொடருக்கு முன்னோட்டமாக வந்த பைலட்டுகளையும் சேர்த்தால் 37ஆவது எபிசோட். இந்தத் தொடர் இப்படித்தான் என்று அதற்குள் ஊருக்கே பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தை உடைத்தால் அதிர்ச்சி உண்டு. முதல் எபிசோடில் உடைக்க எதுவும் இல்லை. பார்ப்பவருக்கு அது வெறும் திருப்பம், அதுவும் அவர் வாரம் நாலு முறை பார்க்கும் திருப்பம். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்ன காரணமோ வேறு, எதிராளி இல்லாமல் பிற்பாதி நிற்காது என்றுதான் என் கேள்வி சொன்னது.

அதற்கும் சான்று உண்டு. 1973இன் ‘டபுள் ஷாக்’ எபிசோடில் மார்ட்டின் லாண்டாவுக்கு இரட்டையர் வேடம். குளியல் தொட்டியில் மின்சார மிக்ஸரைப் போட்டு மாமாவைக் கொல்லும் முகம் நமக்குத் தெரியும், அது எந்தச் சகோதரனின் முகம் என்பது தெரியாது. கடைசியில் இருவருமே. ஷாக் அடித்ததும் ஃப்யூஸ் போய்விடும், அதை மாற்றி உடனே மின்சாரத்தைக் கொண்டுவர வேறிடத்தில் இன்னொருவர் வேண்டும். வழக்கமான பாணியை மீறிய எபிசோட்தான், ஆனாலும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். காரணம், கொலம்போவின் எதிரே ஒரு முகம் கடைசிவரை இருந்தது. ‘லாஸ்ட் சல்யூட்’டில் கிளே போனபின் அந்த நாற்காலி காலி. சந்தேகத்துக்குரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், யாருக்கும் கொலம்போவுடன் கணக்கு ஏதும் இல்லை.

ஆனால் இதை வைத்து மட்டும் அந்த எபிசோடைத் தள்ளிவிட முடியுமா? மறுபடி பார்த்தால் எரிச்சல் வரும் இடங்கள் வேறு. கொலம்போ சாட்சிகளின் முகத்தோடு முகம் ஒட்டி நின்று பேசுகிறார், முணுமுணுக்கிறார், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் நீண்ட இடைவெளி. கூடவே இரண்டு உதவியாளர்களைச் சேர்த்துவிட்டதால் அவர் தனியாக நின்று யோசிக்கும் காட்சிகள் குறைந்துவிட்டன. இதெல்லாம் எடுத்த விதம், ஒன்லைனில் இல்லாதவை. அதே சீன் ஆர்டரை வேறு ஒருவர் 75 நிமிடத்துக்குள் சுருக்கமாக எடுத்திருந்தால், இன்று ரசிகர்கள் அதைத் துணிச்சலான எபிசோட் என்று சொல்லியிருக்கவும் கூடும். அப்படியானால் எடுத்ததில் இருந்த குறையை எழுதியதன்மேல் சுமத்தி, அதை வைத்து இன்னொருவர் எழுதியதையும் அளந்திருக்கிறேன். இல்லை, பிற்பாதியில் மோதல் இல்லாததால்தான் அத்தனை சேஷ்டை தேவைப்பட்டது என்றும் வாதாடலாம். நாள் விட்டு நாள் இரண்டையும் நம்புகிறேன்.

பட்டியல் கொடுத்துப் பார்க்கச் சொன்னது நான். மோசமான எபிசோடைப் பிரித்தால் தையல் தெரியும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவன் அதில் தனக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். ரசிகர் பட்டியலைப் பாடமாக வைப்பதில் இருக்கும் ஆபத்து இதுதானோ? எல்லாரும் ஒதுக்கிய இடத்தில் ஒருவனுக்கு ஒன்று பிடித்துவிட்டால், அதை எடுத்து வைக்கத் தாளில் கட்டமே இல்லை.

நாலாவது எபிசோட் அவன் எழுதுகிறான். அதற்குள் மூன்று எபிசோடுகள் பழக்கத்தை உண்டாக்கியிருக்கும், இப்போது உடைத்துப் பார்க்கலாம் என்று சொல்ல நினைக்கிறேன். சொன்னால் ஒரு நிபந்தனையும் போடுவேன். எதிராளியைப் பாதியில் கொன்றால், அடுத்த காட்சி முடிவதற்குள் இன்னொரு எதிராளி வந்து எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனையைப் போட்டால் அவன் நிமிர்ந்து உட்கார்ந்த அந்த நிமிடம் காணாமல் போய்விடும் என்பதால்தான் இன்னும் சொல்லவில்லை.