ஒரு கேள்விக்கு 105 விநாடி

ஜூன் 3

கணிதத்தில் பட்டம் வாங்கியவனுக்கு வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் கணிதப் பகுதியெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்கு இனிமேல் பதில் சொல்வதாக இல்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதுதான் எரிச்சல். முக்கோணவியல் கிடையாது, நுண்கணிதம் கிடையாது. எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு, அவ்வளவுதான். எல்லாம் பள்ளியோடு முடிந்துபோகிற சமாச்சாரம்.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கி, மொத்தமே 1 மணி 58 நிமிடம் என்று ஆக்கிவிட்டார்கள். கணிதத்துக்கு இரண்டு பிரிவுகள்: முதலாவதில் 12 கேள்விகள், 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விகள், 26 நிமிடம். வகுத்துப் பார்த்தால் கேள்விக்கு 105 விநாடி, அடுத்ததில் 104. பழைய வடிவத்தில் 20 கேள்விக்கு 35 நிமிடம் கொடுத்தார்கள். அதுவும் அதே 105 விநாடிதான். தேர்வு குட்டையானதே தவிர மூச்சுவிட ஒரு விநாடிகூடக் கூடவில்லை.

ஜூன் 5

இன்று முழுக்க அளவு ஒப்பீட்டுக் கேள்விகள். இந்த வகையை உருவாக்கியவருக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பெரியது என்று மட்டும் கேட்கிறார்கள். விடைகள் எப்போதும் அதே நான்கு: முதலாவது பெரியது, இரண்டாவது பெரியது, இரண்டும் சமம், கொடுத்த தகவலைக்கொண்டு தீர்மானிக்க முடியாது.

2-இன் 30-ஆம் அடுக்கு ஒரு பக்கம், 3-இன் 20-ஆம் அடுக்கு மறுபக்கம். கை தானாகக் கால்குலேட்டரை நோக்கிப் போகிறது. போகத் தேவையில்லை. 30 என்பது மூன்று பத்து, 20 என்பது இரண்டு பத்து. ஆகவே முதலாவது 8-இன் பத்தாம் அடுக்கு, இரண்டாவது 9-இன் பத்தாம் அடுக்கு. முடிந்தது. மதிப்பு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லையே!

17 × 23 பெரியதா, 20 × 20 பெரியதா என்பதும் அந்த ரகம். இருபதிலிருந்து மூன்று குறைந்ததும் மூன்று கூடியதும் பெருகினால் 400-இல் 9 குறையும். பெருக்கிப் பார்ப்பவர்களும் 391 என்று சரியாகத்தான் வருவார்கள், அரை நிமிடம் கழித்து.

இரண்டு பக்கமும் வெறும் எண்களாகவே இருந்தால் 'தீர்மானிக்க முடியாது' ஒருபோதும் விடையாக இருக்காது. சட்டென்று ஒரு விடையை அடித்துவிடலாம். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லித்தரக் கட்டணம் வாங்குகிறார்கள்.

ஜூன் 9

அக்காவோடு சேர்ந்து படிப்பது என்று முடிவாகிவிட்டது. இலக்கியம் படித்து, சில காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது மொழியியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார். கணிதத்தை விட்டு விலகி வெகுகாலம் ஆகிறது. அவருக்கு நான் கற்றுத்தருவதாகத்தான் ஏற்பாடு.

முதல் கேள்வி: எக்ஸ் 3-ஐவிடப் பெரியது, 5-ஐவிடச் சிறியது. எக்ஸ் பெரியதா, 4 பெரியதா?

"இரண்டும் சமம் என்று எழுதவைக்கப் பார்க்கிறார்கள்" என்றார்.

"ஏன் அக்கா?"

"முழு எண் என்று எங்கே சொல்லியிருக்கிறது, தம்பி? மூன்றரையாக இருந்தால் என்ன செய்வாய்?"

செய்வதற்கு ஒன்றுமில்லை, நான்காவது விடைதான். ஒரு கவிதையில் இல்லாத சொல்லை இருப்பதாக நினைத்து உரை எழுதினால் ஆசிரியர் சும்மா விடமாட்டாராம். அந்தப் பழக்கத்தைக் கணக்கிலும் காட்டுகிறார். எந்தக் கேள்வியானாலும் பென்சிலை எடுப்பதற்கு முன்பு நிபந்தனைகளை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறார். தேர்வு அறையில் வாய்விட முடியாது என்று சொன்னேன். உதடசைத்தால் போதும் என்கிறார்.

என் பங்குக்கு ஒரு பட்டியல் கொடுத்தேன். மாறி எதுவாக இருந்தாலும் 0, 1, 2, அரை, குறை அரை, குறை 2 ஆகியவற்றை வைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ் பெரியதா, அதன் வர்க்கம் பெரியதா என்ற கேள்வியில் 2 ஒன்று சொல்லும், அரை அதற்கு எதிராகச் சொல்லும். இரண்டு எண்கள் முரண்பட்டால் அதற்குமேல் தேட வேண்டியதில்லை.

ஜூன் 10

பின்னங்களைச் சதவீதமாக மனப்பாடம் செய்தேன். ஆறில் ஒன்று 16.67, ஏழில் ஒன்று ஏறத்தாழ 14.3, அரைக்கால் 12.5, ஒன்பதில் ஒன்று 11.1, மாகாணி 6.25. சலிப்பான வேலை. பலன் உண்டு.

ஜூன் 14

கேள்விகளுக்கு விடை எழுதி எழுதி அலுத்துவிட்டது. அக்கா ஒரு யோசனை சொன்னார்: ஆளுக்கொரு கேள்வி தயாரிப்போம். சரியான விடை ஒன்று, தவறான விடைகள் நான்கு. நிபந்தனை என்னவென்றால், ஒவ்வொரு தவறான விடைக்கும் காரணம் இருக்க வேண்டும். யார், எப்படி யோசித்து அங்கே வந்து விழுவார்கள் என்று சொல்ல முடியாவிட்டால் அந்த விடை செல்லாது.

நான் தயாரித்தது: ஒரு பொருளின் விலையை 25 சதவீதம் ஏற்றினார்கள். பழைய விலைக்கே கொண்டுவர, புதிய விலையில் எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்? விடைகளாக 15, 20, 25, 75, 80 என்று வைத்தேன்.

சரியானது 20. நூறு ரூபாய் 125 ஆகிறது. 25 குறைய வேண்டும். 125-இல் 25 என்பது ஐந்தில் ஒரு பங்கு. அவசரக்காரர்களுக்கு 25 காத்திருக்கிறது. புதிய விலையில் பழையது எத்தனை பங்கு என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டுக் கடைசியில் கழிக்க மறந்தவர்களுக்கு 80. நூறிலிருந்து 25-ஐக் கழித்து அத்தோடு நின்றுவிட்டவர்களுக்கு 75.

"சரி, 15-இல் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

யாருமில்லை. காலியிடத்தை நிரப்பப் போட்டது. அக்கா அதை அடித்துவிட்டு 33⅓ என்று எழுதினார். அதற்கு ஆள் இருக்கிறார்: 25-ஐ எதனால் வகுப்பது என்று தெரியாமல் 75-ஆல் வகுப்பவர். இப்போது வீடு நிறைந்துவிட்டது.

இதற்குப் பிறகு பயிற்சித் தாளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், திரும்பும்போது அதே வழியில் 40 என்றால் விடைகளில் 50 இல்லாமல் இருக்காது. நேராக 50-ஐத் தேடினேன், இருந்தது. தூரத்தை 120 என்று வைத்துக்கொண்டால் போக 2 மணி, வர 3 மணி, ஆக 240 கிலோமீட்டருக்கு 5 மணி. சராசரி 48. மெதுவாகப் போன பாதிதான் அதிக நேரத்தைத் தின்கிறது, ஆகவே விடை 40-இன் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பது தெரிந்தாலே 50-ஐயும் அதற்கு மேலுள்ளவற்றையும் கழித்துவிடலாம்.

ஜூன் 19

வடிவியல். படங்களை நம்பக் கூடாது. அளவுக்கேற்ப வரையப்பட்டதாகக் கொள்ள வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வரைபடத்தாளில் உள்ள ஆயத்தொலைவுப் படங்களும் புள்ளிவிவர விளக்கப்படங்களும் மட்டும் அளவுக்கேற்பவே இருக்கும். அவற்றைக் கண்ணால் அளந்து விடையை ஊகிப்பதில் தப்பில்லை.

மாலையில் ஒரு நாற்கரம் வந்தது. பார்த்தால் அச்சு அசல் சதுரம். நான்கு பக்கமும் 5 என்று குறித்திருக்கிறார்கள். பரப்பளவு பெரியதா, 25 பெரியதா? கோணம் 90 பாகை என்று எங்குமே இல்லை. நான்கு பக்கமும் சமமானால் அது சாய்சதுரம் என்பது மட்டும் உறுதி. அதை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போனால் பக்கங்கள் 5 ஆகவே இருக்கும், பரப்பளவோ கரைந்து பூஜ்யத்தை நெருங்கும். சதுரமாக நிமிர்ந்து நின்றால் 25, இல்லாவிட்டால் குறைவு. தீர்மானிக்க முடியாது.

எனவே கொடுத்த படத்தைப் பார்த்தபடியே திரும்ப வரைவதில் பயனில்லை. நிபந்தனையை மீறாமல் எவ்வளவு கோணலாக முடியுமோ அவ்வளவு கோணலாக வரைய வேண்டும். அக்காவுக்கு இது பிடித்துவிட்டது. பக்கங்கள் 5, 9 என்றால் மூன்றாவது பக்கம் 4-க்கும் 14-க்கும் இடையில்தான் இருக்க முடியும் என்பதை விதியாகச் சொல்லாமல், முக்கோணத்தை நசுக்கி நசுக்கிக் காட்டினார்.

ஜூன் 22

எண்ணுதலும் நிகழ்தகவும். 'குறைந்தது ஒன்று' என்ற சொற்களைக் கண்டதும் எதிர்ப்பக்கத்தைக் கணக்கிட வேண்டும். இரண்டு பகடைகளில் குறைந்தது ஒரு ஆறு விழ வாய்ப்பு எவ்வளவு? ஆறே விழாத வாய்ப்பு 36-இல் 25, ஆகவே விடை 36-இல் 11. 6-இல் 1-ஐ இரண்டு முறை கூட்டி 36-இல் 12 என்பவர்கள் இரட்டை ஆறை இரண்டு தடவை எண்ணிவிடுகிறார்கள். அக்கா கட்டம் போட்டு ஒரு வரிசை, ஒரு நிரல் என்று நிழலிட்டார். வெட்டும் இடத்தில் ஒரு கட்டம் இரண்டு முறை கறுத்தது. சூத்திரத்தைவிட அந்தக் கறுப்புக் கட்டம் நன்றாக மனதில் நிற்கும்.

ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள், இருவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, அடுத்தடுத்து நிற்கமாட்டார்கள். மொத்தம் 120 வழிகள், இருவரையும் ஒன்றாகக் கட்டிவைத்தால் 48, கழித்தால் 72. இங்கேயும் வேண்டாததை எண்ணுவதுதான் சுலபம்.

ஜூன் 26

திரையில் வரும் கால்குலேட்டரைப் பற்றி. கூட்டல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், அடைப்புக்குறி எல்லாம் உண்டு. 1 + 2 × 4 என்று அடித்தால் பெருக்கலை முதலில் செய்து 9 என்று காட்டும். பல சாதாரணக் கால்குலேட்டர்கள் 12 என்று சொல்லிவிடும். எட்டு இலக்கம் வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் கையை விரித்துவிடும்.

7-இன் 2023-ஆம் அடுக்கின் கடைசி இலக்கம் என்ன என்று கேட்பதன் நோக்கமே அந்தக் கருவியைச் செயலிழக்கச் செய்வதுதான். கடைசி இலக்கங்கள் 7, 9, 3, 1 என்று சுழல்கின்றன. 2023-ஐ நான்கால் வகுத்தால் மீதி 3. சுழற்சியில் மூன்றாவது, 3.

ஜூன் 30

திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. சூத்திரம் எழுதப் போனேன், அக்கா தடுத்தார். 10, 20, 30 என்ற தொகுப்பையும் 110, 120, 130 என்ற தொகுப்பையும் காட்டி, "எல்லோரும் நூறு அடி தள்ளி நின்றால் அவர்களுக்குள் இடைவெளி கூடுமா?" என்று கேட்டார். கூடாது. ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்கினால் இடைவெளியும் இரட்டிக்கும். இந்தத் தேர்வில் பெரும்பாலும் இந்த அளவுக்குத்தான் தேவைப்படுகிறது.

ஜூலை 3

இன்று நேரம் வைத்து எழுதினோம். நிர்ணயித்துக்கொண்டவை: தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடக் கூடாது. ஒரு பிரிவுக்குள் எளிய கேள்விக்கும் கடினமான கேள்விக்கும் எடை ஒன்றே. ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது வீண் கௌரவம். குறியிட்டுவிட்டு நகர வேண்டும், அந்தப் பிரிவு முடிவதற்குள் திரும்பி வரலாம். முதல் பிரிவில் செய்வதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது. இரண்டாவது கடினமாக இருந்தால் மகிழ வேண்டுமாம். பார்ப்போம்.

பொருந்தும் விடைகளையெல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகள்தான் இருவருக்கும் ஆகாதவை. மூன்றில் இரண்டைச் சரியாகக் குறித்தாலும் ஒன்றுமே கிடைக்காது.

ஜூலை 6

அக்கா தயாரித்த கேள்வி: மூன்று வெவ்வேறு மிகை முழு எண்களின் சராசரி 10. அவற்றில் மிகப்பெரியது அதிகபட்சம் எவ்வளவாக இருக்கலாம்? விடைகள் 11, 27, 28, 29, 30.

கூட்டுத்தொகை 30. மற்ற இரண்டையும் இயன்றவரை சிறிதாக, 1, 2 என்று வைத்தால் 27. விடை சுலபம்தான். மற்ற நான்கையும் பார்த்தபோதுதான் வேலைப்பாடு தெரிந்தது. 'வெவ்வேறு' என்பதைப் படிக்காதவர் 1, 1, 28 என்று போவார். 'மிகை' என்பதைப் படிக்காமல் பூஜ்யத்தையும் சேர்ப்பவர் 0, 1, 29. இரண்டையும் படிக்காதவர் 0, 0, 30. அதிகபட்சம் என்பதைக் குறைந்தபட்சம் என்று படித்தவர் 9, 10, 11. ஒவ்வொரு தவறான விடைக்கும் கேள்வியிலிருந்து எந்தச் சொல் நழுவியது என்று விரலை வைத்துக் காட்டலாம்.

"'முழு' என்பதை விட்டவருக்கு ஏன் விடை வைக்கவில்லை?" என்று கேட்டேன்.

"வைத்துப் பார்த்தேன், வரவில்லை. 0.1, 0.2 என்று குறைத்தால் 29.7. அதையும் குறைத்தால் இன்னும் கூடுகிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது."

நிற்காது. சிறிய இரண்டும் பூஜ்யத்தை நெருங்கலாம், பூஜ்யம் ஆக முடியாது. பெரியது 30-ஐ நெருங்கலாம், தொட முடியாது. அதிகபட்சம் என்று ஒன்று இல்லவே இல்லை. இதைச் சொன்னதும் அக்கா தாளைப் பிடுங்கி ஒப்பீட்டுக் கேள்வியாக மாற்றி எழுதினார்: மூன்று மிகை எண்களின் கூட்டுத்தொகை 30. அவற்றில் மிகப்பெரியது ஒரு பக்கம், 29.99 மறுபக்கம்.

30 என்று எழுதியிருந்தால் இரண்டாவதுதான் பெரியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கலாம். 29.99 என்று போட்டுவிட்டதால் நான்காவது விடை.