சூடானால் நின்றுவிடும் டீசல் கார்: கிராங்க் சென்சாரில் வந்து முடிந்த தேடல்

மே மாதத்து நண்பகலில் திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தபோது, கொட்டாம்பட்டியைத் தாண்டிய சிறிது தூரத்தில் எங்கள் கார் திடீரென நின்றது. திணறலோ கரும்புகையோ இல்லை. சாவியைத் திருப்பி அணைத்ததைப் போல இன்ஜின் ஓய்ந்துவிட்டது. 2008-இல் அப்பா வாங்கிய அந்த டீசல் கார் 1,70,000 கிலோமீட்டரைக் கடந்திருந்தது. எத்தனை முறை செல்ஃப் அடித்தும் இன்ஜின் பிடிக்கவில்லை. அம்மாவைப் புளியமர நிழலில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததைப் போல உடனே பிடித்துக்கொண்டது.

பட்டறையில் டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று அதை மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடியும் நின்றது. அடுத்து, ஏர் எடுத்திருக்கும், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்றார்கள். அதற்கும் அடுத்து, பம்ப் பலவீனமாகிவிட்டது, நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். அந்தத் தொகைக்குச் சம்மதிக்காமல் என்னைத் தடுத்து நிறுத்தியது, மூன்றாம் முறை வண்டி நின்றபோது கண்ணில் பட்ட ஒரு சிறு விஷயம். வழக்கமாகச் செல்ஃப் அடிக்கும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் பூஜ்யத்திலிருந்து சற்றே எழும்பி இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடையில் நடுங்கும். அன்று செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தும் முள் அசையவே இல்லை. சில கார்களில் நல்ல நிலையிலும் முள் அப்போது அசையாது என்பதால், வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே இதைப் பார்த்து வைத்திருப்பது அவசியம்.

அப்பா அதற்கு முன் வைத்திருந்த அம்பாசடர் டீசலில் இப்படி ஒரு கோளாறுக்கு இடமே இல்லை. அதில் எப்போது, எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்பதை இன்ஜினோடு சேர்ந்து சுழலும் பம்ப்பே தீர்மானித்துவிடும். எங்கள் காரில் இருப்பது காமன் ரெயில் இன்ஜின்; டீசலை உயர் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி வைத்துத் தெளிக்கும் வகை. அதில் அந்த முடிவை எடுப்பது கணினி. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதை அதற்குச் சொல்வது கிராங்க் சென்சார். அந்தத் தண்டின் முனையில் உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு சுழலும் வளையத்தில் அறுபது பற்களுக்கு இடமிருக்கும். அதில் இரண்டு பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் 6 பாகை; பல் இல்லாத அந்த இடைவெளி கடக்கும்போது தண்டு எங்கே இருக்கிறது என்பதைக் கணினி தெரிந்துகொள்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்று என்ற மெதுவான ஓட்டத்திலேயே நொடிக்கு 770-க்கு மேற்பட்ட துடிப்புகள் அதற்குப் போய்ச் சேர்கின்றன. துடிப்பு நின்றால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கணினி திறக்காது. தொட்டி நிறைய டீசல் இருந்தாலும் பயனில்லை.

ஆற அமர வீட்டில் வைத்துச் சோதித்தபோது, காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரில் பிழை எதுவும் தெரியவில்லை. ஆகவே வெயிலில் அரை மணி நேரம் ஓட்டி, வண்டி நின்ற இடத்திலேயே ஸ்கேனரைச் செருகிச் செல்ஃப் அடித்தேன். பி0335 என்ற பிழை வந்தது. இன்ஜின் வேகம் பூஜ்யம் என்று காட்டியது. இந்த எண் வந்தவுடன் கடைக்கு ஓடிச் சென்சார் வாங்குவது தவறு என்பது என் கருத்து. அது கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் குறை என்று மட்டுமே சொல்கிறது; குறை சென்சாரிலும் இருக்கலாம், வயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளரிலும் இருக்கலாம், நடுவில் உள்ள வயரிலும் இருக்கலாம்.

எங்கள் காரில் இருப்பது இரண்டு வயர் கொண்ட காந்தச் சுருள் வகை என்பதால் அதை ஓம் மீட்டரால் அளக்க முடியும். மூன்று வயர் கொண்ட ஹால் வகைக்கு இந்த அளவீடு பொருந்தாது. அதற்கு மின்னழுத்தம் வருகிறதா, சிக்னல் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்த பின் கப்ளர் கைக்கு எட்டியது. பின்களில் பச்சைப் பூப்பு இல்லை. வயரை வளைத்தும் ஆட்டியும் பார்த்தேன், தொடர்ச்சி அறுபடவில்லை. சென்சாரின் சுருள் 862 ஓம் காட்டியது. எல்லாம் சரி என்று அங்கேயே நிறுத்தியிருந்தால் நாற்பதாயிரத்தைக் கொடுத்திருப்பேன்.

சூட்டில் வரும் குறையைச் சூட்டில்தான் பார்க்க வேண்டும். எனவே சென்சாரை வெளியே எடுக்க முடிவு செய்தேன். அதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது. பத்தாம் நம்பர் போல்ட் ஒன்றுதான், அது எளிதாகவே வந்தது. ஆனால் சென்சார் அலுமினிய உறையில் இறுகிப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து மூக்குப் பகுதி உள்ளே விழுந்துவிடும். பிறகு கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிட்டு, இடமும் வலமுமாக மயிரிழை அளவில் திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வெளியே வந்தபோது அதன் காந்த நுனியில் இரும்புத் துகள்கள் தாடி முளைத்ததைப் போல ஒட்டியிருந்தன.

சென்சாரைத் துடைத்து, தண்ணீர் புகாதபடி பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, மீட்டரின் வயர்களோடு வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கினேன். செம்பு சூடேறினால் மின்தடை கூடும் என்பதால் எண் ஏறத்தான் செய்யும். 870, 905, 950 என்று நிதானமாக ஏறியது. 980-ஐ ஒட்டி ஓரிரு முறை துள்ளியது. பிறகு எண்கள் மறைந்து, திரையின் இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நின்றது; சுருள் உள்ளே எங்கோ அறுந்து, சுற்று திறந்துவிட்டது. வெளியே எடுத்து வைத்துச் சற்று நேரம் காத்திருந்தேன். 880 என்று தானாகவே திரும்பி வந்தது. புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் நாங்கள் எதற்காகக் காத்திருந்தோம் என்பது அந்தப் பாத்திரத்தின் முன்னால்தான் எனக்கு விளங்கியது.

புதிய சென்சாரை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், மூக்கின் நீளத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பல்லுக்கும் நுனிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். நீளம் கூடினால் உரசும், குறைந்தால் சிக்னல் பலவீனமாகும். மலிவான டூப்ளிகேட் ஒன்றும் கடையில் இருந்தது, ஆனால் நீளம் கண்ணுக்கே வேறாகத் தெரிந்ததால் தவிர்த்தேன். துளையின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில் சிறிது இன்ஜின் ஆயில் தடவி, அடித்து ஏற்றாமல் கையாலேயே அழுத்தி உட்காரவைத்தேன். உறை அலுமினியம் என்பதால் போல்டை அளவோடு இறுக்கினேன். வயரைச் சைலன்ஸர் குழாயின் சூடு படாதபடி பழைய கிளிப்பிலேயே மாட்டி, பேட்டரியை இணைத்துப் பிழையை அழித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வெயிலில் மேலூர் வரை ஓட்டி, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை நிற்கவைத்து, அணைத்து மறுபடி செல்ஃப் அடித்தேன். முள் 250-க்கு எழும்பியது, இன்ஜின் பிடித்தது. ஆறிய நிலையில் புதிய சென்சாரின் மின்தடை 855 ஓம். அதையும் முள் எழும்பும் அளவையும் ஒரு தாளில் எழுதி, காரின் ஆவணங்களோடு வைத்திருக்கிறேன்.