பெற்றோர் குழுவில் ஒரு கணக்குப் பஞ்சாயத்து

எங்கள் பத்தாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் 'நாளைக்கு யூனிஃபார்மா, கலர் டிரஸ்ஸா?' என்பதைத் தாண்டி எதுவும் வராது. அன்றைக்கு ஓர் அம்மா மகனின் கணக்கு நோட்டைப் படம் பிடித்துப் போட்டு, "இது சரியா?" என்று கேட்டுவிட்டார். எக்ஸ்² − 6எக்ஸ் + 5 என்ற கோவைக்குப் பையன் எழுதியிருந்தது (எக்ஸ் − 1)(எக்ஸ் − 5).

"தப்பு மேடம். என் பொண்ணு (எக்ஸ் − 3)² − 4 போட்டிருக்கா. டியூஷன்ல செக் பண்ணியாச்சு" என்று ஓர் அப்பா வந்தார்.

"எங்க டியூஷன்லயும் செக் பண்ணியாச்சு சார்."

அப்புறம் கணக்கை யார் கண்டார்கள்? எந்த டியூஷனில் ஃபீஸ் அதிகம் என்று பேச்சு திரும்பிவிட்டது.

என் மகள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. அவன் காரணிப்படுத்தியிருக்கான், இவ வர்க்கப் பூர்த்தி பண்ணியிருக்கா. 6-ல பாதி 3, அதோட வர்க்கம் 9. நமக்கு வேண்டியது 5 தானே, அதான் 4 கழிச்சிருக்கா."

அப்படியே தட்டிப் போட்டேன். ஒருவரும் நம்பவில்லை. பேரனுக்காகக் குழுவில் இருக்கும் தாத்தா ஒருவர்தான், "சண்டை எதுக்கு? எக்ஸுக்கு 10 போட்டுப் பாருங்க" என்றார். முதலாவதில் 9 × 5, 45. இரண்டாவதில் 49 − 4, அதுவும் 45.

"10-க்குச் சரி. மத்த நம்பருக்கு என்ன கேரண்டி?" என்றார் பொண்ணின் அப்பா. நியாயமான கேள்விதான், ஆனால் கேட்ட தொனி நில வில்லங்கம் பார்ப்பவர் தொனி.

"ரெண்டு இருபடிக் கோவையும் மூணு இடத்துல ஒத்துப்போனா போதும்மா, எல்லா இடத்துலயும் ஒத்துப்போகும்" என்றாள் மகள். சரி என்று 0 போட்டோம்: இரண்டிலும் 5. 1 போட்டோம்: இரண்டிலும் 0. தாத்தா கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். பஞ்சாயத்து கலைந்தது.

கணக்கு டீச்சர் காலையில்தான் எல்லாவற்றையும் படித்திருக்கிறார். "நான் கேட்டது அந்தக் கோவையோட சிறும மதிப்பு. எக்ஸ் 3 ஆகும்போது −4. ரெண்டு பேருமே விடை எழுதலையே?"

அடுத்த நிமிடம் அந்த அப்பா: "என் பொண்ணு கடைசியில −4 போட்டிருக்காளே டீச்சர்!"