தட்டுவடைப் பல்லும் நாகப்பட்டினத்து நண்டும்

சேலத்தில் பிறந்த எனக்கு மீன் என்றால் மேட்டூர் அணைக் கெண்டைதான். நண்டைச் சந்தையில் பார்த்தால் இரண்டடி தள்ளியே நடப்பேன். சூரமங்கலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு நாகப்பட்டினத்துக் குடும்பம் குடிவரும்வரை அப்படித்தான் இருந்தேன்.

கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிகிறது. அடுத்த ஞாயிறே அவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து தெர்மாகோல் பெட்டி வந்து இறங்கிவிட்டது. "தம்பி, மதியம் இங்கேதான் சாப்பாடு. வீட்டில் சொல்லிவிட்டு வந்துவிடு" என்றார் பாட்டி.

சமைக்கும் முன் எனக்குப் பாடமும் நடந்தது. நண்டைப் புரட்டிக் காட்டி, வயிற்று மடல் அகன்றிருந்தால் பெண், ஒடுங்கியிருந்தால் ஆண் என்றார். பலமாகத் தலையாட்டினேன். சாப்பிடும்போது அந்த அறிவு எதற்கும் உதவவில்லை.

இலையில் மிளகு மணக்க நண்டு விழுந்தது. தட்டுவடை நொறுக்கியே வளர்ந்த பல்லாயிற்றே என்று ஒரு காலை அப்படியே வாயில் போட்டுக் கடித்தேன். 'கடக்' என்றது. உடைந்தது எது என்று நாக்கால் துழாவினேன். பல்லெல்லாம் இருந்தது, நண்டுக்கும் சேதமில்லை.

"மாமா, ஓட்டோடா தின்கிறீர்கள்?" என்றாள் எதிரே இருந்த ஏழு வயதுப் பேத்தி. காலின் மூட்டை ஒடித்தாள். கூரான நுனித் துண்டை எடுத்து அடுத்த துண்டுக்குள் விட்டுத் தள்ளினாள். வெள்ளைச் சதை குச்சி போல முழுசாக நழுவி வந்தது. அவள் பக்கம் ஓடு குவிந்தது, என் சட்டையில் குழம்பு குவிந்தது. கடைசியில் பாட்டியே அருகில் உட்கார்ந்து எனக்குச் சதை எடுத்துப் போட்டார். அந்த இனிப்பை எதனோடு ஒப்பிடுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

கிளம்பும்போது ஒரு தூக்கு நிறையக் குழம்பு கொடுத்தார்கள். அம்மா மூடியைத் திறந்தார், நண்டுக் கொடுக்கு எட்டிப் பார்த்தது, மூடிவிட்டார். அப்பாவும் நானும்தான் அதைக் காலி செய்தோம். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதே என்று கொல்லை மரத்து மாங்காய்களை நிரப்பி அனுப்பினார் அம்மா.

மறுநாள் மாலை அதே தூக்கு திரும்பி வந்தது. உள்ளே எங்கள் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு.

மரத்தில் இன்னும் எத்தனை காய் இருக்கிறது என்று அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறார்.