ராத்திரி முழுக்க ஜோஆன் ஷா டெய்லர்

நேத்து தூக்கம் வரல, ஹெட்போனை மாட்டிக்கிட்டு ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட பொறந்த இசை) பாடுற, கிடார் வாசிக்கிற ஜோஆன் ஷா டெய்லரை மொத ஆல்பத்துலேருந்து திரும்ப கேட்க ஆரம்பிச்சேன், விடியவே விடிஞ்சிருச்சு. 1985ல பிறந்த பொண்ணு, இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கத்துல பிளாக் கன்ட்ரி, ஒருகாலத்துல நிலக்கரிச் சுரங்கமும் இரும்புப் பட்டறையுமா புகைஞ்ச ஏரியா. அங்க உக்காந்துக்கிட்டு அமெரிக்க ப்ளூஸ் கிடாரிஸ்டுங்க, டெக்சாஸ்காரர் ஸ்டீவி ரே வானையும் ஆல்பர்ட் காலின்ஸையும் கேட்டு கிடார் கத்துக்கிச்சு. 16 வயசுலயே யூரித்மிக்ஸ்ங்கிற பிரிட்டிஷ் பாப் ஜோடியில ஒருத்தரான டேவ் ஸ்டூவர்ட் கண்ணுல பட்டு, அடுத்து அவரோட குரூப்புல சேர்ந்து ஐரோப்பா டூர்! ஆனா சொந்த ஆல்பம் 'ஒயிட் சுகர்' வந்தது 2009லதான், அத்தனை வருஷம் பொறுமையா இருந்திருக்கு பாருங்க.

எல்லாரும் கிடாரையே பேசுறாங்க, எனக்கு அந்தக் குரல்தாங்க உசுரு. லேசா கரகரன்னு, வரி முடியுற இடத்துல மூச்சு உடையுற மாதிரி இருக்கும். 2010, 2011 ரெண்டு வருஷமும் பிரிட்டிஷ் ப்ளூஸ் அவார்ட்ஸ்ல சிறந்த பாடகி விருது சும்மாவா குடுத்தாங்க?

2012ல பிரிட்டன் ராணி எலிசபெத்தோட வைர விழா கச்சேரி, பக்கிங்ஹாம் அரண்மனை வாசல்ல, யூரித்மிக்ஸ் பாடகி ஆனி லெனாக்ஸ் பாடுறாங்க, நம்ம ஆளு முதுகுல வெள்ளை ரெக்கையோட வந்து சோலோ வாசிக்குது. 2021ல அமெரிக்க ப்ளூஸ் கிடாரிஸ்ட் ஜோ பொனமாசா தயாரிச்ச இதோட ஆல்பம், அமெரிக்காவோட பில்போர்ட் ப்ளூஸ் தரவரிசையில நம்பர் ஒன்.

கையில 1966ல செஞ்ச ஃபெண்டர் எஸ்கொயர் எலெக்ட்ரிக் கிடார். கம்பியை விரலால மேல தள்ளி, சுருதி ஏறுற வரைக்கும் விடாம புடிச்சு, அப்புறம் மெதுவா நடுங்க விடும் பாருங்க, அந்த இடத்தை மட்டும் நாலு தடவை கேட்டுட்டேன்.